பிடித்தவர்களோடு பெயர்ந்த பெஞ்சு: தென்கடல் பயணிகள் படகு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கடல் குலுக்கும்போது பயணி கைநீட்டிப் பிடிப்பது பக்கத்தில் இருக்கும் இருக்கையைத்தான். கைப்பிடிக் கம்பி எங்கே, லைஃப் ஜாக்கெட் எங்கே என்று தேட அந்த நொடியில் யாருக்கும் நேரம் இருக்காது. பிடித்த இருக்கை தளத்தோடு உறுதியாக நின்றால் அவர் மறுபடி உட்கார்ந்துவிடுவார், படகும் நிமிர்ந்துவிடும். இருக்கை பெயர்ந்தால், அதைப் பிடித்திருந்த அத்தனை பேரும் ஒரே பக்கம் போய்ச் சேர்வார்கள்.

இராமநாதபுரம் கடற்கரையில் தனியார் சுற்றுலாப் படகு ஒன்றில் இது நடந்தது. ஒரு பெண்மணிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஒரு சிறுவனுக்கு உதடு கிழிந்தது. சிலருக்கு முழங்காலில் சிராய்ப்பு. உயிர்ச்சேதம் இல்லாததால் செய்தித்தாளில் வரவில்லை. ஆனால் அந்தப் படகில் பெஞ்சு பொருத்தப்பட்டிருந்த அதே முறையைப் பல ஊர்க் கரைகளில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கழற்றிப் பார்த்தது முதல் மறுபடி பொருத்தியது வரை முழுவதையும் எழுதுகிறேன். படகையோ அதைச் சேர்ந்தவர்களையோ அடையாளம் காட்டப் போவதில்லை.

படகும் கடலும்

பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கரையில் இருப்பவர்களுக்கு அவை வடகடல், தென்கடல். இரண்டும் ஒரே காலத்தில் முரண்டு பிடிப்பது குறைவு. வைகாசி தொடங்கித் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தென்கடலைக் கலக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை எழும்பி வடகடலைக் கலக்கும். எந்த மாதத்தில் எந்தக் கடலில் படகை விடலாம் என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும்.

தென்கடலுக்கு இன்னொரு குணம் உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் கரையோரமாகக் கிடக்கின்றன. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி இது. தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளும் வெளிக்கடலின் அலையை வாங்கிக்கொள்கின்றன. தீவின் மறைவில் ஓடும்வரை படகில் வைத்த தேநீர்க் குவளைகூட அசையாது. மறைவு முடிந்து திறப்புக்கு வந்ததும் வெளிக்கடலின் ஓங்கல், அதாவது உயர்ந்து வரும் பேரலை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பக்கவாட்டில் வந்து மோதும். அதுவரை நிம்மதியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்த பயணிகள் அப்போதுதான் இது கடல் என்பதை உணர்கிறார்கள். நாள் முழுவதும் அலையில் ஓடும் படகைவிட, இப்படி அமைதியிலிருந்து திடீரென அலைக்குள் நுழையும் படகில்தான் பொருத்தங்கள் வலுவாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் படகில் பயணிகள் ஏற்கெனவே எச்சரிக்கையாக உட்கார்ந்திருப்பார்கள், இரண்டாவதில் நின்றுகொண்டிருப்பார்கள்.

படகு ஃபைபர் உடல் கொண்டது. 10 மீட்டர் நீளம், அகலத்தில் 3 மீட்டர், உள்ளே டீசல் இன்ஜின். வல்லம் என்னும் மீன்பிடிப் படகுக்காக வார்த்த உடலை வாங்கி, அதன்மேல் ஒட்டுப்பலகையில் தளம் போட்டு, கூரை அமைத்துப் பயணிகள் படகாக்கியிருந்தார்கள். தளத்தின் நடுவே நீளவாக்கில் இரண்டு இரும்புக்குழாய்ப் பெஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. இரண்டு பக்கமும் கடலைப் பார்த்து உட்காரலாம். நடுவே பொதுவான சாய்மானம். ஒரு பெஞ்சில் பக்கத்துக்கு ஐந்து பேர். அமரத்துப் பக்கம், அதாவது படகின் பின்முனையில், இருந்த காலி இடத்தில் கட்டப்படாத ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள், லைஃப் ஜாக்கெட்டுகள் அடுக்கிய ஒரு மரப்பெட்டி, 20 லிட்டர் தண்ணீர் கேன் வைத்த ஒரு முக்காலி.

ஆனி மாதத்து நண்பகலுக்குப் பிறகு, தீவைச் சுற்றிக் காட்டிவிட்டுப் படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மறைவு விட்டதும் இடப்பக்கத்திலிருந்து ஓர் ஓங்கல் வந்தது. படகு வலப்பக்கம் சாய்ந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு அவற்றில் இருந்தவர்களோடு சறுக்கிப் பக்கக் கம்பியில் இடித்தன. தண்ணீர் கேன் உருண்டு நடைவழியில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் பின்பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். படகு திரும்பி நிமிர்ந்து இரண்டாம் முறை வலப்பக்கம் சாய்ந்தபோது, எழுந்தவர்களில் நான்கு பேர் சாய்மானத்தைப் பிடித்தார்கள். பெஞ்சு அடியோடு வலப்பக்கம் புரண்டது.

ஓட்டுநர் உடனே அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, அலைக்கு நேரே இடப்பக்கம் திருப்பினார். அலையை முகத்தில் வாங்குவது சரியான முடிவுதான். ஆனால் இந்த வகைப் படகு திருப்பத்தில் வெளிப்பக்கம் சாயும். இடப்பக்கம் திரும்பும்போது சாய்வது வலப்பக்கம். அதாவது ஏற்கெனவே ஆட்கள் குவிந்திருந்த பக்கம். வேகத்தைக் குறைக்காமல் திருப்பியதால் அந்தச் சாய்வு சில நொடிகள் கூடுதலாக நீடித்தது. முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகு திருப்பியிருக்க வேண்டும். அந்த நெருக்கடியில் அவர் கையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெஞ்சு நின்றிருந்தால் அந்தத் திருப்பம் யாருக்கும் நினைவிலேயே இருந்திருக்காது.

கழற்றிப் பார்த்தபோது

படகு மண்டபத்துக்கு அருகே கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. உரிமையாளர் அழைத்ததன்பேரில் போனேன். கூடவே பல ஆண்டுகள் படகு கட்டிய ஓர் ஓடாவியும் வந்தார். உரிமையாளர் முதலில் சொன்னது இதுதான்: “45 கிலோ பெஞ்சு ஐயா. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால்தான் நகரும். அலை எப்படிப் பெயர்த்தது என்று தெரியவில்லை.”

பெஞ்சுக்குப் பக்கத்துக்கு மூன்றாக ஆறு கால்கள். ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு சிறு இரும்புத் தகடு, அதில் இரண்டு மரத்திருகாணிகள். இடப்பக்கத்து மூன்று கால்களின் ஆறு திருகாணிகளும் முழுசாகப் பிடுங்கப்பட்டிருந்தன. எதுவும் முறியவில்லை, வளையவும் இல்லை. மரையின் இடுக்குகளில் கருப்பாகத் தூள் ஒட்டியிருந்தது. வலப்பக்கத்துத் தகடுகள் மட்டும் மடங்கியிருந்தன. பெஞ்சு அந்தப் பக்கத்தைக் கீலாகக் கொண்டு புரண்டிருக்கிறது.

ஓடாவி சுத்தியலின் காம்பால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ஓசை கணீரென்றது. கால்கள் இருந்த இடங்களில் பொத்தென்றது. ஒரு துளையில் ஸ்குரூ டிரைவரைச் செருகி அழுத்தினார்; பிடிவரை இறங்கிவிட்டது. “தம்பி, மேலே ஃபைபர் தோல் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே பலகை இல்லை” என்றார். அறுத்துத் திறந்தபோது அவர் சொன்னது அப்படியே இருந்தது. ஒவ்வொரு காலைச் சுற்றியும் ஒரு கையகலத்துக்கு ஒட்டுப்பலகை மட்கிக் காப்பித்தூள் நிறத்தில் உதிர்ந்தது. இரண்டு சாண் தள்ளி அதே பலகை புதிதாக இருந்தது.

இதற்குக் கடல்நீரைக் குறை சொல்வது வழக்கம். மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைக்கு உப்பு அவ்வளவு உகந்ததன்று. நல்ல தண்ணீர்தான் அதற்கு வாழ்வு. இந்த மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் படகு கரையில் மூடாமல் கிடக்கும். தளத்தில் தேங்கும் மழைநீர் திருகாணித் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். கீழே காற்றோட்டமில்லாத மூடிய அறை. இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லை. துளையில் திருகாணியை முறுக்குவதற்கு முன், நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் வைக்கவில்லை. ஃபைபர் பூச்சு பளபளவென்று இருந்ததால் மேலிருந்து பார்க்கிற எவருக்கும் ஐயம் எழவில்லை. பயன்படுத்திய பலகையும் வீட்டு அலமாரிக்கு வாங்குகிற சாதாரண ஒட்டுப்பலகை, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, நீரைத் தாங்கும் மெரைன் பிளைவுட் அன்று.

ஆக, பெஞ்சைத் தளத்தில் பிடித்து நிறுத்தியதாக நினைத்த பன்னிரண்டு திருகாணிகளும், தாங்கள் பிடித்திருந்த இடத்தையே தண்ணீர் விட்டு அழித்துக்கொண்டிருந்தன. ஒரே துளை வலுவும் தருகிறது, அழிவுக்கும் வழிவிடுகிறது. படகில் துளை போடுகிற ஒவ்வொருவரும் இதை நெஞ்சில் வைத்திருக்க வேண்டும்.

எடை ஏன் காப்பாற்றவில்லை

“கனமான பொருள் நகராது” என்ற நம்பிக்கை தரையில் உண்மை. சாயும் தளத்தில் அது உதவாது. சாய்ந்த தளத்தில் ஒரு பொருளைக் கீழே இழுக்கும் விசையும் அதைப் பிடித்துவைக்கும் உராய்வும் இரண்டுமே அதன் எடைக்கு ஏற்பக் கூடுகின்றன. ஆகவே எந்தக் கோணத்தில் சறுக்கும் என்பதை எடை முடிவு செய்வதில்லை. தளத்தின் வழுக்கல்தான் முடிவு செய்கிறது. நனைந்த ஃபைபர் தளத்தில் பிளாஸ்டிக் கால்களின் உராய்வுக் கெழு 0.2 என்று வைத்தால் 11 டிகிரி சாய்விலேயே நாற்காலி புறப்பட்டுவிடும். அதில் 80 கிலோ மனிதர் உட்கார்ந்திருந்தாலும் அதே 11 டிகிரிதான். காலியாக இருந்தாலும் அதே.

சாய்வு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. படகு ஆடுகிறது. 15 டிகிரி வரை சாய்ந்து, மூன்றரை நொடிக்கு ஒருமுறை ஆடி முடிக்கும் படகில், ஆட்ட அச்சிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பவருக்குச் சாய்வினால் வரும் பக்க இழுவை அவர் எடையில் 0.26 பங்கு, ஆட்டத்தின் முடுக்கம் மேலும் 0.1 பங்கைச் சேர்க்கிறது. மொத்தம் ஏறக்குறைய 0.36. அசையாமல் 20 டிகிரி சாய்ந்து நிற்கும் தளத்துக்கு இது சமம். சிறிய படகுகள் வேகமாக ஆடுவதால் இந்தச் சேர்க்கை அவற்றுக்கு எப்போதும் உண்டு.

இப்போது பெஞ்சுக்கு வருவோம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் எழுந்து நின்று சாய்மானத்தைப் பிடித்தால், அவர் உடலைத் தடுத்து நிறுத்த அந்தச் சாய்மானம் சுமார் 23 கிலோ பக்க விசையைத் தாங்க வேண்டும். நான்கு பேருக்கு 94 கிலோ. சாய்மானத்தின் உச்சி தளத்திலிருந்து 85 சென்டிமீட்டர் உயரம். கால்களின் இடைவெளி 60 சென்டிமீட்டர்தான். உயரம் அதிகம், அடி குறுகல். காலிப் பெஞ்சின் 45 கிலோ எடை தரும் சிறு எதிர்ப்பைக் கழித்த பிறகும் இடப்பக்கத்துக் கால்களை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை 110 கிலோவைத் தாண்டுகிறது. பிடித்தவர்கள் ஒரே முனையில் இருந்தால் அதில் பெரும்பங்கு ஒற்றைக் காலுக்கு வரும்.

காலிப் பெஞ்சு என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் உட்கார்ந்திருந்தவரை அவர்களுடைய எடையே பெஞ்சைத் தளத்தோடு அழுத்திப் பிடித்திருந்தது. எழுந்த மறுகணம் அந்த எடை பெஞ்சிலிருந்து நீங்கியது; அதோடு, அதே ஆட்களின் இழுவை பெஞ்சைப் பிடுங்கத் தொடங்கியது. உரிமையாளரின் கேள்விக்கு விடை இதுதான். பெஞ்சை அலை பெயர்க்கவில்லை. மனிதர்கள் பெயர்த்தார்கள், அவர்கள் பிடிக்கத்தான் செய்வார்கள். பெஞ்சைப் பொருத்துகிறவர் தன் கணக்கில் எழுத வேண்டிய எடை பெஞ்சின் எடை அன்று, அதைப் பற்றிக்கொள்ளப் போகும் மனிதர்களின் எடை.

அதிவேகப் பயணிகள் கலங்களுக்காகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2000இல் ஏற்ற விதித்தொகுப்பு, இருக்கையோடு அது தளத்தில் பொருத்தப்படும் முறையையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. சுற்றுலா வல்லத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த எண்ணம் நமக்கு வேண்டும்: இருக்கையும் அதன் அடியும் ஒரே பொருள்.

பெரிய கப்பல்களும் இதில் அடி வாங்கியிருக்கின்றன. 2008 ஜூலை 30 அன்று பசிபிக் சன் என்ற உல்லாசக் கப்பல் நியூசிலாந்துக்கு வடக்கே புயலில் ஆடியபோது 77 பேர் காயமடைந்தார்கள். கட்டப்படாத மேசைகளும் நாற்காலிகளும் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பாய்ந்து ஆட்களை வாரிக்கொண்டு போயின. கப்பல் பெரியதாக இருந்ததால் அது கவிழவில்லை. சிறிய படகில் நிலைமை வேறு. தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததற்கு, கரையில் விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அங்கே ஆர்வம் ஆட்களை ஒரு பக்கம் சேர்த்தது. இங்கே பெயர்ந்த பெஞ்சு சேர்த்தது. படகைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. ஐந்து டன் அளவுள்ள இந்தப் படகில் ஐந்து பேர் ஒரு மீட்டருக்குள் இடம் மாறினாலே, என் தோராயக் கணக்கில், மூன்று நான்கு டிகிரி சாய்வு நிலையாகத் தங்கிவிடும்; அடுத்த அலை அங்கிருந்து தொடங்கும்.

சீரமைப்பு

முதலில் வாக்குவாதம் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பற்றித்தான். அவற்றை ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்துக் கம்பியில் கட்டிவிடலாம் என்று உரிமையாளர் கேட்டார். ஆறு நாற்காலி என்றால் ஆறு டிக்கெட். அந்த வருமானம் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த நாற்காலியின் கால்கள் பக்கவாட்டு இழுவையில் விரிந்து பிளப்பவை; கட்டினாலும் கட்டிய கால் மட்டுமே கம்பியில் மிஞ்சும். அமரத்தில் ஆறு பேரைக் கூடுதலாக உட்கார வைப்பது பாரத்தையும் இடம் மாற்றுகிறது. நாற்காலிகளை அடியோடு நீக்காவிட்டால் பெஞ்சு வேலையைத் தொடங்க மாட்டேன் என்று சொன்னேன். இரண்டு நாள் யோசித்து ஒப்புக்கொண்டார்.

மட்கிய பலகையை நல்ல பலகை தட்டுப்படும் இடம்வரை அறுத்து நீக்கி, மெரைன் பிளைவுட்டைப் பதித்து, மேலும் கீழும் ஃபைபர் போர்த்தினோம். கீழறைக்கு இரண்டு காற்றுத்துளைகள் வைத்தோம். பெஞ்சுகளை ஒரு சாண் அளவுக்குள் முன்பின் நகர்த்தி, கால்கள் தளத்தைத் தாங்கும் வங்குக்கால்களின் ஓரமாக வரும்படி அமைத்தார் ஓடாவி. வெறும் பலகையின் நடுவில் நிற்கும் கால் தளத்தை மேலும் கீழும் மூச்சுவிட வைக்கும். அந்த அசைவில்தான் எந்தச் சீலன்டும் விட்டுப்போகிறது. கால்களின் இடைவெளியை 60இலிருந்து 70 சென்டிமீட்டராக விரித்தோம். இன்னும் விரித்தால் நடைவழியில் கால் தடுக்கும்.

திருகாணிகளுக்குப் பதிலாகத் தளத்தைத் துளைத்துக் கீழே இறங்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டுகள், காலுக்கு நான்கு. கீழே நட்டுக்கு முன் உள்ளங்கையளவு தகடு. இந்தத் தகடுதான் வேலையின் உயிர். நல்ல 8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் போல்ட் ஒன்றே ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். அது அறுந்து பெஞ்சு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. சிறிய வாஷரோடு போல்ட் தளத்தைப் பிய்த்துக்கொண்டு மேலே வருவதுதான் நடக்கிறது. தகடு அந்த இழுவையைப் பரப்புகிறது. அதன் ஓரங்களைத் தேய்த்து மழுக்க வேண்டும். கூரான ஓரம் ஃபைபரை அறுக்கும்.

துளையிடுவதில் பொறுமை வேண்டியிருந்தது. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 14 மில்லிமீட்டர் துளை போட்டு, அதை எபாக்சி பசையால் முழுக்க நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் மறுபடி 8 மில்லிமீட்டர் துளை போட்டோம். இனி போல்ட்டின் ஓரமாகத் தண்ணீர் இறங்கினாலும் அது தொடுவது எபாக்சியை, பலகையை அன்று. அதற்கும் மேல் சீலன்ட்.

போல்ட் வாங்குவதிலும் ஒரு செய்தி இருக்கிறது. கடையில் ஸ்டெயின்லெஸ் என்று கேட்டால் பெரும்பாலும் 304 ரகம் கிடைக்கும். கடலுக்கு 316 வேண்டும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. போல்ட்டின் தலையில் ஏ2 என்று பொறித்திருந்தால் 304 வகை. ஏ4 என்றிருந்தால் 316 வகை. எதுவும் பொறிக்காத போல்ட்டை வாங்க வேண்டாம். ஸ்டெயின்லெஸ் நட்டை முறுக்கும்போது மரை ஒட்டிக்கொண்டு இறுகுவதும் உண்டு. கொஞ்சம் கிரீஸ் தடவி மெதுவாக முறுக்கினால் போதும்.

பெஞ்சுகளைத் தேவைப்பட்டபோது எடுக்க வசதியாக முளையைச் செருகி எடுக்கும் பொருத்தம் வைக்க முடியுமா என்று படகின் பணியாளர்கள் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். செருகும் முளை ஒருநாள் கடலில் விழும். மறுநாள் அதன் இடத்தில் ஒரு கட்டுக்கம்பி இருக்கும். ஸ்பேனர் இல்லாமல் எடுக்க முடியாத பெஞ்சுதான் இருந்த இடத்தில் இருக்கும்.

பிறகு இழுத்துப் பார்த்தோம். கரையில் நின்ற ஒரு பனையில், சங்கிலியால் பாரம் இழுக்கும் செயின் பிளாக்கைக் கட்டி, அதற்கும் பெஞ்சின் சாய்மானத்துக்கும் இடையே மீன் ஏலத்தில் பயன்படுத்தும் தொங்கு தராசைக் கோத்தோம். கணக்கில் வந்த 94 கிலோவோடு நிறுத்தாமல் 150 கிலோவரை பக்கவாட்டில் இழுத்து நிறுத்தினோம். முன்பெஞ்சு நின்றது, தளம் ஒரு காலருகே மூன்று மில்லிமீட்டர் எழும்பி, விட்டதும் பழைய இடத்துக்கு வந்தது. பின்பெஞ்சில் 130 கிலோவைத் தாண்டும்போது ‘டக்’ என்று ஓசை கேட்டது. கழற்றியபோது ஒரு துளையில் எபாக்சி இறுகாமல் பிசுபிசுவென்று இருந்தது; கலவை விகிதம் அந்த ஒரு கிண்ணத்தில் தவறியிருக்கிறது. சுரண்டி எடுத்து மறுபடி நிரப்பி, மறுபடி இழுத்தோம். இழுத்துப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தக் கால் அழகாகவே நின்றிருக்கும்.

போல்ட்டில் அடங்காதவை

எல்லாவற்றையும் போல்ட் போட முடியாது. லைஃப் ஜாக்கெட் பெட்டி ஓர் எடுத்துக்காட்டு. பெட்டி அசையக்கூடாது, ஆனால் மூடி கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்க வேண்டும். பெட்டியின் அடியைப் போல்ட் போட்டுவிட்டு, மூடிக்குப் பூட்டில்லாத தாழ் ஒன்று வைத்தோம். பூட்டு வைத்த லைஃப் ஜாக்கெட் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பயணம் முழுவதும் ஜாக்கெட் உடம்பில் இருப்பதே முறை, பெட்டி கூடுதலுக்குத்தான்.

தண்ணீர் கேனுக்கு முக்காலியை எடுத்துவிட்டு, தளத்திலேயே நான்கு பக்கமும் முழங்கால் உயர விளிம்பு வைத்த ஒரு கூடு. நிரம்பிய கேன் 20 கிலோ. உயரத்தில் வைக்க அதற்கு எந்த நியாயமும் இல்லை.

இராமேசுவரத்துக்கு வரும் கூட்டத்தில் வயது முதிர்ந்தவர்கள் நிறையப் பேர். சக்கர நாற்காலியோடு படகில் ஏற்றும் குடும்பங்கள் உண்டு. சக்கரத்தின் பிரேக் சக்கரம் உருளாமல்தான் பார்த்துக்கொள்ளும். நாற்காலி சறுக்குவதையோ கவிழ்வதையோ தடுக்காது. அணியத்துக்கும் பெஞ்சுக்கும் இடையே தளத்தில் நான்கு வளையங்களைப் போல்ட் போட்டுப் பதித்து, நாற்காலியின் சட்டத்திலிருந்து முன்னிரண்டு பின்னிரண்டாகப் பட்டை கொண்டு வெளிநோக்கிச் சாய்த்துக் கட்ட ஏற்பாடு செய்தோம். நேர்செங்குத்தாகக் கட்டினால் பக்க ஆட்டத்தைத் தாங்காது. இதை ஓடாவிக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. விசைப்படகில் ஐஸ் பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்துக் கட்டுவது அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்த வேலை. ஆளைப் பட்டையால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டக்கூடாது என்பதை மட்டும் பணியாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். படகுக்கு ஏதாவது நேர்ந்தால் அவர் நாற்காலியைவிட்டு வெளியே வர முடிய வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து பக்தர்கள் போவது மீன்பிடி விசைப்படகுகளிலும் நாட்டுப்படகுகளிலும். அவற்றில் இருக்கை என்று ஒன்றும் இருக்காது. எல்லாரும் தளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து போகிறார்கள். அது வறுமையின் ஏற்பாடு என்று நினைப்பவர்கள் உண்டு. எடை தாழ்ந்து இருக்கிறது, விழுவதற்கு உயரம் இல்லை, பெயர்வதற்குப் பெஞ்சு இல்லை. பெஞ்சைத் தளத்தில் வைக்கும்போது, தரையில் உட்கார்ந்தால் இயல்பாகக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பைப் பறிக்கிறோம். அதை வேறு வழியில் ஈடுகட்டும் கடன் நமக்கு வந்துவிடுகிறது.

ஒரு பருவம் கழிந்த பிறகு

மறு ஆண்டு கச்சான் முடிந்து தென்கடல் அடங்கியதும் படகைப் பார்த்தேன். எல்லா நட்டுகளிலும் தகட்டோடு சேர்த்து ஒரு சிவப்புக் கோடு வரைந்திருந்தோம். நட்டு சிறிது திரும்பினாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலானவற்றில் கோடு நேராகவே இருந்தது. பின்பெஞ்சின் ஒரு காலில் நான்கு கோடுகளையும் காணவில்லை. விசாரித்தபோது, வண்ணம் பூசுவதற்காகக் கழற்றி மாட்டியதாகச் சொன்னார்கள். பிளாஸ்டிக் வளையம் உள்ள பூட்டு நட்டுகள் தொலைந்து, சாதாரண நட்டுகள் வந்திருந்தன. அவற்றில் இரண்டை விரலாலேயே திருப்ப முடிந்தது. போல்ட்டுகளில் ஒன்று பழுப்பேறியிருந்தது, தலையில் ஏ2.

அதிலிருந்து இரண்டு வழக்கங்கள் வந்தன. உதிரி நட்டும் போல்ட்டும் போட்ட ஒரு டப்பா படகிலேயே இருக்கிறது. காலையில் முதல் பயணத்துக்கு முன் பணியாளர் ஒருவர் ஒவ்வொரு பெஞ்சின் உச்சியையும் இரண்டு கையால் பிடித்து, தன் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்க்கிறார். பயணிகள் பார்க்கும்படி இதைச் செய்ய வேண்டாம், பயந்துவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். பார்க்கட்டும் என்பது என் பதில். அந்த இழுவையைக் கண்ட பயணி தேவைப்படும்போது எதைப் பிடிக்கலாம் என்று தெரிந்துகொள்கிறார்.

கூரைத் தூண்கள் மட்டும் பாக்கி. அவை நான்கும் பழைய முறையில், திருகாணியில் நிற்கின்றன. படம் எடுப்பவர்கள் இப்போது சாய்வது அவற்றில்தான். தூணின் அடியைத் திறக்க வேண்டுமானால் பக்கச் சுவரின் உட்பூச்சை அறுக்க வேண்டும். செலவு பெஞ்சு வேலையைவிட அதிகம். அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது முதல் இரண்டு தூண்களையாவது திறந்து பார்க்க உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவரை தூண்களுக்கும் பக்கக் கம்பிக்கும் இடையே இடுப்பளவில் கயிறு கட்டி, ஆட்கள் அருகே போகாமல் தடுத்திருக்கிறோம்.